மகள் மொழிபெயர்க்க மாட்டாள்

1

இந்த மே மாதத்தோடு நான் பிரான்சுக்கு வந்து ஏழு வருஷம் முடிகிறது. வருஷா வருஷம் நான் வந்து சேர்ந்த நாளில் என் கணவர் அந்துவான், தான் சமையல் வேலை செய்யும் உணவகத்திலிருந்து ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துவருவார். இந்த வருஷமும் கொண்டுவந்தார். சாப்பிட்டோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதச் சொன்னவள் ஜெயந்தி. மதகடிப்பட்டில் ஒரு சின்ன தனியார் பள்ளியில் நானும் அவளும் ஐந்து வருஷம் ஒன்றாக டீச்சர் வேலை பார்த்தோம். அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள். "அந்த ஊரு ஸ்கூலு எப்டி இருக்கும்னு எழுதி அனுப்புடி, நாங்களும் தெரிஞ்சிக்கிறோம்" என்று போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள். அதனால் இது அவளுக்காகவும், அவள் ஸ்டாஃப் ரூமில் படித்துக் காட்டப்போகும் மற்ற டீச்சர்களுக்காகவும். படித்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

என் பெயர் ஸ்டெல்லா. வில்லியனூரை அடுத்த ஒரு கத்தோலிக்கப் பங்குக் கிராமம் எங்களுடையது. அந்துவானின் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அந்த வழியில் அவர்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணமாகி, விசாவுக்குக் காத்திருந்து, மகள் கிளாராவுக்கு இரண்டு வயதானபோது அவளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். பாரிஸுக்கு வெளியே, ரயிலில் அரை மணி நேரம். மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த நான் இங்கே அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறேன். காலை ஐந்திலிருந்து எட்டு வரை ஒரு இடம், மாலை ஐந்திலிருந்து எட்டு வரை இன்னொரு இடம். அலுவலகக்காரர்கள் வருவதற்கு முன்னாலும் போன பிறகும் வேலை என்பதால் என்னோடு யாரும் பேசவேண்டிய தேவை இருப்பதில்லை. ஏழு வருஷத்தில் என் பிரெஞ்சு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நாற்காலிகளோடு பேசி ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முடியாது.

2

கிளாரா நான்காம் வகுப்பு. அவள் வகுப்பில் மாலி நாட்டுப் பிள்ளைகள், அல்ஜீரியா, ருமேனியா, சீனா, யாழ்ப்பாணம், ஒரு புதுச்சேரி. புதுச்சேரி என்பது கிளாரா. காலை எட்டரைக்குப் பள்ளி வாசலில் எல்லா நாட்டு அம்மாக்களும் நிற்போம். ஒருவருக்கொருவர் "போன்ஜூர்" சொல்வோம். அதற்கப்புறம் சொல்ல ஒன்றும் இருக்காது. கதவு திறக்கும், பிள்ளைகள் உள்ளே போவார்கள், கதவு மூடும். அந்தக் கதவுக்குள் அழைப்பில்லாமல் பெற்றோர் போகக்கூடாது. பாதுகாப்பு என்கிறார்கள்.

பள்ளி நம்மோடு பேசுவது ஒரு நோட்டுப் புத்தகம் வழியாக. சுற்றறிக்கைகளை அதில் ஒட்டி அனுப்புவார்கள், நாம் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். போன நவம்பரில் அதில் ஒரு சீட்டு வந்தது. கிளாராவின் ஆசிரியை மதாம் ரொஷே என்னைப் பார்க்க வேண்டுமாம், மாலை ஆறு மணிக்கு. வேலையிடத்தில் கெஞ்சி அந்த ஒரு மாலைக்கு அனுமதி வாங்கினேன். "உங்கள் மகள் அழகாகப் பிரெஞ்சு பேசுவாளே, அவளே மொழிபெயர்த்துச் சொல்லட்டும்" என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் கிளாராவும் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

மதாம் ரொஷே நிறையப் பேசினார். வேகமாகப் பேசினார். அவர் நிறுத்தும்போதெல்லாம் கிளாரா என் பக்கம் திரும்பி ஒரே ஒரு வரி சொன்னாள்.

"நான் அமைதியா இருக்கேனாம்."

மறுபடியும் நீளமாக ஒரு பேச்சு.

"நல்லா படிக்கிறேனாம். இன்னும் நல்லா படிக்கணுமாம்."

இன்னொரு நீளமான பேச்சு. ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"இதுல சைன் போடணுமாம்மா. எல்லாருக்கும் குடுக்கறாங்க."

நான் சிரித்தபடி இருந்தேன். மெர்சி, மெர்சி என்று நாலு தடவை நன்றி சொன்னேன். மதாம் ரொஷே என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெள்ளைக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து கிளாராவுக்கு ஒரு சாக்லேட் ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

3

ஜனவரியில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அந்துவான் சமையலறையில் நின்றபடி போனில் படம் பிடித்து, அதைத் தமிழாக்கிப் படித்தார். அவருக்குப் பிரெஞ்சு பேச வரும், வாசிப்பது சிரமம். போன் தமிழில் என்னென்னவோ சொன்னது. அதில் 'சிறப்பு வகுப்பு' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தெளிவாக இருந்தன.

"ஏய், நம்ம பொண்ண ஸ்பெஷல் கிளாஸ்ல போடறாங்களாம்டி!"

நம் ஊரில் ஸ்பெஷல் கிளாஸ் என்றால் என்ன? பத்தாவது பரீட்சைக்கு நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைச் சாயங்காலம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பது. உடனே அந்துவான் வில்லியனூரில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போன் போட்டார். மாமியார் அன்றைக்கே மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினார்களாம்.

எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. ஸ்பெஷல் கிளாஸுக்கு எதற்கு இவ்வளவு நீளக் கடிதம்? மறுநாள் காலை அதை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பது அவா, மாலி நாட்டுக்காரி. அவள் மகனும் கிளாராவும் ஒரே வகுப்பு. நான் மாலையில் வேலைக்குப் போனால் கிளாரா அவள் வீட்டில்தான் இருப்பாள். அவாவுக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். என்னோடு பேசும்போது மட்டும் மெதுவாக, கையையும் சேர்த்துப் பேசுவாள்.

கதவருகே நின்று அவள் ஒரு தரம் படித்தாள். பிறகு என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு மறுபடி படித்தாள்.

"ஸ்தெலா, இதை உனக்கு யார் படித்துச் சொன்னது?"

"போன்."

அவள் ஒவ்வொரு வரியாக உடைத்துச் சொன்னாள். கிளாரா வகுப்பில் வாயே திறப்பதில்லை. வாசிப்பில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறாள். நவம்பரில் தாயாருக்கு இது விளக்கப்பட்டது. அவர் கையெழுத்துப் போட்டுத் தந்த சம்மதத்தின் பேரில் உளவியலாளர் ஒருவர் குழந்தையைச் சோதித்தார். வேறொரு பள்ளியில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான சிறு வகுப்புக்குக் குழந்தையை மாற்றுவது பற்றிப் பேச ஒரு கூட்டம். கடைசியில் ஒரு வாக்கியம். அதைச் சொல்ல அவா தயங்கினாள். நான் விடவில்லை. 'தாயார் சிரித்தபடி கேட்டுக்கொண்டார்; நிலைமையை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.'

சிரித்தேன்தான். எதைக் கேட்டுச் சிரித்தேன் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை.

4

அன்று சாயங்காலம் வேலைக்குப் போகவில்லை. கிளாராவின் பையைத் திறந்து அந்த நோட்டுப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து இருந்தது. நான் போடாத கையெழுத்துகள். தமிழில் 'ஸ்டெலா' என்று இருந்தது. ஒரு ல் குறைகிறது. தமிழ் எழுத்தெல்லாம் ஒன்றுபோலத் தெரியும் ஆசிரியைக்கு இது எப்படித் தெரியும்? தினமும் பத்து நிமிஷம் பிள்ளையை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கேட்டதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறதாம். அவா பிறகு படித்துச் சொன்னாள். செப்டம்பரில் பள்ளி திறந்ததிலிருந்து யாரும் கேட்காத வாசிப்புக்கு என் மகள் என் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏன்டி பொய் சொன்ன?"

கிளாரா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லு. மதாம் இன்னா சொன்னாங்க அன்னைக்கி?"

"அது தமிழ்ல எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"தெரியாட்டி தெரியலன்னு சொல்லணும். நல்லா படிக்கிறேன்னு ஏன் சொன்ன?"

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"நீ லீவு போட்டு வந்த. என்னப் பத்தி மதாம் மோசமா சொல்றாங்க. அத நானே உனக்கு எப்டிம்மா சொல்றது?"

ஒன்பது வயதுப் பிள்ளையைக் குற்றவாளி நாற்காலியில் உட்காரவைத்து, அவள் மேல் உள்ள குற்றப்பத்திரிகையை அவளே தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறோம். அந்தப் பள்ளியும் எதிர்பார்த்தது, நானும் எதிர்பார்த்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். வகுப்பில் கேள்வி கேட்டால் அவளுக்கு விடை தெரியும். "வாயிக்குள்ள வார்த்த வந்துடும்மா. வெளிய வர்றதுக்குள்ள வேற யாராச்சும் சொல்லிடுவாங்க." பிறகு அவளாகவே, "நீ ஸ்கூலுக்கு வராதம்மா. நீ பேசினா அவங்க மூஞ்சி ஒரு மாரி ஆவுது" என்றாள்.

இதைத்தான் ஊரில் இருப்பவர்கள், 'வெளிநாடு போனால் பிள்ளைகள் விலகிப் போகிறார்கள்' என்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் விலகிப் போகவில்லை. பள்ளிக்கும் எனக்கும் நடுவில் நிற்கவைத்தோம், அவளுக்குத் தாங்க முடியவில்லை.

5

ஜெயந்தி, இந்த இடத்தில் உனக்கு அஞ்சலையை நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

என் வகுப்பில் சுகன்யா என்று ஒரு பெண் படித்தாள். அவள் அம்மா அஞ்சலை. முதலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர், பிறகு திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். காலை எட்டு மணிக்கு வேன் வந்து ஏற்றிப்போகும், சாயங்காலம் ஆறரைக்குத்தான் இறக்கிவிடும். நம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அவர் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. நான் சுகன்யாவின் டைரியில் சிவப்பு மையால் 'பெற்றோர் வரவில்லை' என்று எழுதுவேன். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "இதுங்களுக்கு அக்கற இருந்தாதான" என்று பேசுவோம். நீயும் பேசினாய், நானும் பேசினேன்.

ஒரே ஒரு நாள் வந்தார். வேனை விட்டுவிட்டு, காலையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நான் கையில் சாக்பீஸோடு வாசல்வரைதான் போனேன்.

"உங்க பொண்ணு ஸ்லோ லேர்னர்ங்க. கான்சன்ட்ரேஷன் கெடையாது. ஹோம்வொர்க் இம்ப்ரூவ் ஆகணும்."

"இன்னா டீச்சர் சொல்றீங்கோ? எனக்குப் புரியற மாரி சொல்லுங்கம்மா."

முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாடம் முடிக்க வேண்டிய அவசரம். பெஞ்சில் இருந்த சுகன்யாவைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன்: "ஏய், வூட்ல போயி உங்க அம்மாவுக்கு எடுத்துச் சொல்லு."

அந்தப் பிள்ளை என்ன எடுத்துச் சொல்லியிருக்கும்? கிளாரா சொன்னதைத்தான் சொல்லியிருக்கும். அஞ்சலையும் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுநாள் வேலைக்குப் போயிருப்பார். அந்த வருஷ முடிவில் சுகன்யாவின் ரிப்போர்ட் கார்டில் நான் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. 'வீட்டில் ஒத்துழைப்பு இல்லை.'

ஒரே மொழி பேசுகிற ஊரில், ஒரே பஸ்ஸில் போய்வருகிற நாங்கள் இதைச் செய்தோம். இங்கே வெள்ளைக்காரர் செய்தால் மட்டும் அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அநியாயம் அநியாயம்தான். அங்கே நான் செய்ததும் சேர்த்து.

6

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்துவான் சொன்னார். "அவங்க சொல்றத கேட்டுக்கினு வந்துடு. எதுத்துப் பேசாத. நாம வெளியூர்க்காரங்க."

"நீங்க பிரெஞ்சுக்காரர்தான? ஊருக்குப் போனா எல்லார்கிட்டயும் அந்த அட்டைய எடுத்துக் காட்டுறீங்க. ஸ்கூல் வாசல்ல மட்டும் வெளியூர்க்காரரா?"

மறுநாள் அவர் உணவகத்துக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு என்னோடு வந்தார். அதை நான் மறக்க மாட்டேன். அவாவும் வந்தாள்.

பள்ளியின் தலைமையாசிரியர், மதாம் ரொஷே, அந்த உளவியலாளர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் கதவைப் பார்த்தார். "சின்னப் பெண் எங்கே? யார் மொழிபெயர்ப்பது?"

"என் மகள், மாணவி" என்றேன். "மொழிபெயர்ப்பாளர், இல்லை. அவள் மொழிபெயர்க்க மாட்டாள். இனிமேல் ஒருபோதும்."

என் பிரெஞ்சில் பாதி இடத்தில் வினைச்சொல்லே இருக்காது. இருந்தும் புரிந்தது. அவர் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தேன். நவம்பரில் என்ன நடந்தது என்று சொன்னேன். கிளாரா எனக்கு என்ன சொன்னாள், நான் எதற்குச் சிரித்தேன், அந்தக் கையெழுத்துகள் யாருடையவை எல்லாம் சொன்னேன். தடுமாறினேன். நடுவில் அவா உதவ வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினேன். தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தபோது கோபம் தலைக்கேறியது. 'நான் சொல்வதைக் கேட்க வேண்டும்' என்று சொல்ல நினைத்தேன். பிரெஞ்சில் கேட்பதற்கு ஒரு சொல், காத்திருப்பதற்கு ஒரு சொல்; இரண்டும் என் வாயில் ஒன்றுபோலத்தான் வரும். என் வாயிலிருந்து வந்தது, "நீங்கள் எனக்காகக் காத்திருக்க வேண்டும்."

யாரும் சிரிக்கவில்லை. மதாம் ரொஷே பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். "காத்திருக்கிறேன்" என்றார்.

நான் முடித்த பிறகு அவரும் பேசினார். இந்த முறை மெதுவாக. "ஒவ்வொரு கூட்டத்துக்கும் மாலை ஆறு மணிக்கு இந்த வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறேன், மதாம். யாரும் வருவதில்லை. பெற்றோருக்கு அக்கறை இல்லை என்றுதான் நானும் நினைக்கத் தொடங்கிவிட்டேன்."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது மதகடிப்பட்டு ஸ்டாஃப் ரூமில் கேட்ட என் குரல். அவரைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்த சொற்களை விட்டுவிட்டேன். ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"ஆறு மணிக்கு நாங்கள் எல்லாரும் எங்கே தெரியுமா? அலுவலகம் துடைக்கிறோம். நான், வாசலில் நிற்கும் பாதிப் பேர். எங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள் இவள். காலை எட்டரைக்குத் தினமும் வருகிறோம். உங்கள் கதவுவரைக்கும் வருகிறோம். கதவைத் திறங்கள்."

கிளாராவை மாற்றும் பேச்சு அன்றைக்கு நின்றது. ரத்தாகவில்லை, ஜூன் மாதம் மறுபடி பார்ப்பது என்று முடிவு. எழுந்து வரும்போது தலைமையாசிரியர் தன்மையாகத்தான் சொன்னார். "காலையில் பெற்றோரை உள்ளே விடுவது விதிமுறைப்படி சிரமம், மதாம்."

7

எங்கள் ஊரில் கொம்யூன் என்றால் தெருவிளக்கு எரியாவிட்டால் மனுக் கொடுக்கிற ஆபீஸ். சாக்கடைத் தண்ணீர் தெருவில் ஓடியதற்காக நானும் தெருப் பெண்களும் வில்லியனூர் கொம்யூன் ஆபீஸுக்கு எத்தனையோ நடை நடந்திருக்கிறோம். அதில் கற்றுக்கொண்ட பாடம், மனுவை இரண்டு பிரதி எடுக்க வேண்டும், நம் பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று சீல் வாங்காமல் நகரக் கூடாது.

அதே பாணியில், பள்ளிக்குக் கொடுக்க அவா ஒரு மனு எழுதினாள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளைகளை விட்டதும், ஒரு மணி நேரம் ஆசிரியர்களைச் சந்திக்க உணவுக்கூடத்தில் இடம் வேண்டும். எந்தப் பிள்ளையும் தன் பெற்றோருக்கு மொழிபெயர்க்கக் கூடாது; மொழி தெரிந்த பெற்றோர் மற்றவர்களுக்கு மொழிபெயர்ப்போம். இவ்வளவுதான். ஒரு வாரம் காலையில் வாசலில் நின்று கையெழுத்து வாங்கினோம். 'போன்ஜூர்' சொல்லிவிட்டு விலகிப்போன அம்மாக்களோடு அப்போதுதான் முதல்முதலாகப் பேசினேன். சிலர் கையெழுத்துப் போடப் பயந்தார்கள், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்கள். ஒரு அம்மா, பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று என் கண்ணெதிரே தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அரபியில், சீனத்தில், தமிழில் என்று கையெழுத்துகள் சேர்ந்தன. நான் இரண்டு ல் போட்டுக் கையெழுத்திட்டேன்.

தலைமையாசிரியரிடம் நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்தார். என் பிரதியை நீட்டினேன்.

"இது எதற்கு, மதாம்?"

"சீல்."

"பள்ளிக்கூடத்தில் அந்த வழக்கம் இல்லை."

"எங்கள் ஊரில் உண்டு."

முத்திரையைத் தேடி எடுத்துக் குத்திக் கொடுத்தார்.

மார்ச் மாதத்தில் எங்களுக்கு முதல் வெள்ளிக்கிழமைக் கூட்டம் கிடைத்தது. பெரிய வெற்றி என்று எழுத ஆசைதான். அன்று வந்தவர்கள் நான்கு பேர், அதில் நானும் அவாவும் இரண்டு. மேஜைகளும் காலி நாற்காலிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'நான் சொல்லவில்லையா' என்பது போலத் தலைமையாசிரியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த மாதத்துக்கு முன்னால் அவாவும் நானும் வீடு வீடாக ஏறினோம். எங்கள் கட்டிடத்தில் லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. ஏறினோம். ஏப்ரலில் இருபதுக்கும் மேல் வந்தார்கள்.

8

ஏப்ரல் கூட்டம் முடிந்த மகிழ்ச்சியில் ஜெயந்திக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, நம் பள்ளியிலும் காலையில் வேன் வருவதற்கு முன்னால் கூட்டம் வைக்கச் சொன்னேன்.

"வேனு எட்டு மணிக்குடி. அப்ப ஏழு மணிக்கு வெக்கணும். நான் எத்தினி மணிக்கு எழுந்து, எத்தினி மணிக்கு சமைச்சி, எந்த பஸ்ஸப் புடிக்கிறது?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"வெச்சாலும் அதுங்க எங்கடி வரும்?"

"அதுங்கன்னு சொல்லாத ஜெயந்தி."

"ஆமா, இப்ப வந்துட்டா. நீ இங்க இருந்தப்ப நீயும் அப்டித்தான்டி சொன்ன."

"சொன்னேன். தப்பு. அதான் இப்ப சொல்றேன்."

பிறகு நான் சுகன்யாவைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? எட்டாவதோட நின்னுடிச்சி. அவங்க அம்மா போற கம்பெனிக்கே பேக்கிங் போவுது இப்ப. இன்னா பண்றது, வூட்டுல கவனிக்க ஆளு இல்ல."

"ஆளு இருந்தாங்கடி. வேன விட்டுட்டு நம்ம வாசல்ல வந்து நின்னாங்க. நான்தான் சாக்பீஸக் கீழ வெக்கல."

ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன் என்றும், கரஸ்பாண்டென்டிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன். "வா, வந்து பேசு, பாக்கலாம்" என்றாள். நம்பிக்கையோடு சொன்னாளா, கேலியாகச் சொன்னாளா தெரியவில்லை. எப்படிச் சொல்லியிருந்தாலும் பேசத்தான் போகிறேன்.

9

போன வெள்ளிக்கிழமை மூன்றாவது கூட்டம். கிளாராவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பத்து நிமிஷம் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். எனக்குப் பாதி புரியாது. புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன், சலித்துக்கொண்டே சொல்லித்தருகிறாள். இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். மதாம் ரொஷே கேள்வி கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும்வரை மற்றப் பிள்ளைகளைப் பொறுத்திருக்கச் சொல்கிறாராம். ஜூனில் என்ன முடிவு வருமென்று தெரியாது. சிறு வகுப்புதான் அவளுக்கு நல்லது என்று தெரிந்தால் அதற்கும் நான் தயார். ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி என்னிடம் சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

அன்று உணவுக்கூடத்தில் என் மேஜைக்கு ஒரு யாழ்ப்பாணத்துத் தகப்பன் வந்தார். பிரான்சுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கட்டிட வேலை, பூட்ஸெல்லாம் சிமெண்ட். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு வயதில் ஒரு பெண், இரட்டைப் பின்னல் போட்டு, அப்பாவுக்கு முன்னால் ஒரு அடி எடுத்து வைத்து நின்றாள். அவளுடைய ஆசிரியர் பேசத் தொடங்கியதும் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

நான் எழுந்தேன். "உன் பேர் என்னம்மா?"

"மிதுலா."

"மிதுலா, நீ கிளாஸுக்குப் போ. இத நாங்க பெரியவங்க பேசிக்கிறோம்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையாட்டியதும், கூடத்தின் அந்தக் கோடிவரை ஓடிப் போனாள்.

ஆசிரியர் சொன்னதைக் கேட்டேன். புரியாத இரண்டு சொற்களை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பி, ஒன்றையும் குறைக்காமல், ஒன்றையும் இனிக்கவைக்காமல் தமிழில் சொன்னேன். உங்கள் மகள் மற்றப் பிள்ளைகளை அடிக்கிறாள். இரண்டு முறை கடித்திருக்கிறாள். யாரோடும் சேர மாட்டேனென்கிறாள். ஆசிரியருக்கு அவளைப் பற்றிக் கவலையாக இருக்கிறது.

அவர் முகம் இறுகிவிட்டது. சிமெண்ட் காய்ந்த விரல்களை மேஜைமேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் வந்து, நேரமாகிவிட்டது, கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று கடிகாரத்தைக் காட்டினார். நான் அவரைத் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தேன், இல்லையென்று. ஒரு கணம் நின்றார். பிறகு போய் வேறு நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

அந்தத் தகப்பன் நாற்காலியை ஆசிரியருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவ பொல்லாத பிள்ளை இல்லை, அக்கா. தாய் இன்னும் வந்து சேரேல்லை, அங்கதான் நிக்கிறா. அதை முதல்ல இவருக்குச் சொல்லுங்கோ. பிறகு, நான் என்ன செய்யவேணும் எண்டு கேளுங்கோ."